நெஞ்சில் குழாயோடு வீட்டுக்கு வந்த புற்றுநோயாளிகள்: வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நுரையீரல், மார்பகம், சினைப்பை, நிணநீர்ச் சுரப்பி என்று எந்தப் புற்றுநோயாக இருந்தாலும், அது முற்றும்போது சிலருக்கு நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். ஊசி போட்டு எடுத்தால் சில நாளில் மறுபடி ஊறிவிடும். அதனால் நெஞ்சில் ஒரு குழாயை நீண்ட நாள் இருக்கும்படி பொருத்தி, "வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். சென்னையில் வீடுகளுக்குப் போய் டிரெஸ்ஸிங் செய்யும் நர்ஸ் நான். போகிற இடத்திலெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் உங்கள் நோயாளியைப் பார்த்துச் சொன்னது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

எங்கள் அப்பாவுக்கும் குழாய் இருக்கிறது. நீங்கள் சொல்லும் குழாய் அதுதானா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் இதைப் பொறுத்தது. ஆஸ்பத்திரிகளில் மூன்று விதக் குழாய் போடுகிறார்கள். ஐசிடி என்பது தடித்த குழாய், நுனியில் தண்ணீர் பாட்டிலோ பையோ எப்போதும் தொங்கும்; பெரும்பாலும் வார்டில் இருக்கும்போது போடுவது. பிக்டெயில் என்பது மெல்லிய குழாய், உள்ளே நுனி சுருண்டிருக்கும், வெளியே தையல் போட்டோ பிளாஸ்டர் ஒட்டியோ நிறுத்தியிருப்பார்கள். விலை குறைவு என்பதால் நம் ஊரில் பல பேர் இதோடுதான் வீட்டுக்கு வருகிறார்கள். மூன்றாவதுதான் நீண்ட நாளைக்கென்றே செய்யப்பட்ட சிலிகான் குழாய். ப்ளூரெக்ஸ், ராக்கெட் என்ற பெயர்களில் வருகிறது. சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன். விலா எலும்புக்கு நடுவில் நுழைந்த இடத்திலிருந்து தோலுக்கு அடியிலேயே கொஞ்ச தூரம் ஓடி, வேறொரு துளை வழியாக வெளியே வரும். தோலுக்கு அடியில் குழாயைச் சுற்றி ஒரு சிறிய துணி வளையம் இருக்கும். சில வாரங்களில் சதை அதில் பிடித்துக்கொள்ளும். வெளி நுனியில் ஒருவழி வால்வு. நீர் எடுக்கும்போது இந்த வால்வில், உள்ளே காற்றில்லாத வாக்குவம் பாட்டிலை இணைப்புக் குழாய் மூலம் மாட்டி, அதிலுள்ள கிளாம்பை (குழாயை நசுக்கி மூடும் பிடியை) திறந்தால் நீர் பாட்டிலுக்குள் இழுபடும். கீழே குழாய் என்று சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைத்தான்.

பிக்டெயிலில் இந்த வளையமும் கிடையாது, தோலடிப் பாதையும் கிடையாது. அதனால் அது சீக்கிரம் நழுவும், சீக்கிரம் அடைக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தக் குழாய், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வார்டை விட்டுக் கிளம்பும் முன் எழுதி வாங்கிவிடுங்கள்.

பவுடர் போட்டு ஒட்ட வைத்துவிடலாம் என்கிறார்களே, எதற்கு இந்தத் தொல்லை பிடித்த குழாய்?

நுரையீரலின் மேல் ஒன்று, நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் ஒன்று என்று உறை இரண்டு படலமாக இருக்கும், நீர் கோப்பது நடுவில்தான். அங்கே டால்க் பவுடர் செலுத்தி இரண்டு உறைகளையும் ஒட்ட வைக்கும் முறை உண்டு. 2012-இல் வெளியான டைம்-2 என்ற பிரிட்டன் ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மூச்சுத்திணறல் குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. குழாய் போட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் குறைவு. ஆனால் ஏதாவது ஒரு சிக்கல் வந்தது அவர்களில் 40 சதவீதம் பேருக்கு, பவுடர் போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான். இதை ஒளித்து மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. குழாய் போடும் முன்பே குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை சமாளிக்கக்கூடியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்று, நீரை எடுத்தாலும் நுரையீரல் முழுதாக விரியாதவர்களுக்குப் பவுடர் வேலை செய்யாது, ஒட்டுவதற்கு இரண்டு உறையும் தொட்டுக்கொள்ள வேண்டுமே. அவர்களுக்குக் குழாய்தான் வழி.

இன்ஃபெக்ஷன் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு பேருக்கு வரும்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். 2013-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 11 மையங்களைச் சேர்ந்த ஆயிரத்துச் சொச்சம் நோயாளிகளைப் பார்த்தார்கள். உறைக்குள் தொற்று வந்தது நூற்றுக்கு ஐந்து பேருக்கு, அதனால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். பாதிக்குப் பாதி ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, அதாவது நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. அதனால்தான் கை கழுவுங்கள், கை கழுவுங்கள் என்று நாங்கள் கத்துகிறோம்.

தோலோடு நிற்கும் தொற்று வேறு, உள்ளே போன தொற்று வேறு. துளையைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சூடாக, கொஞ்சம் சீழ் தெரிந்தால் அது பெரும்பாலும் மேலோட்டமானது, மாத்திரையிலேயே அடங்கிவிடும். தோலடிப் பாதை நெடுகச் சிவப்பு ஓடினால் அது அடுத்த படி, அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், நெஞ்சு வலி, எடுத்த நீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருப்பது, இதெல்லாம் இருந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், அட்மிட் செய்து ஊசி மருந்து போட வேண்டியிருக்கும்.

இங்கேதான் குடும்பங்கள் தவறான முடிவுக்குப் போவதைப் பார்க்கிறேன். "இந்தக் குழாயால்தானே வந்தது, உடனே பிடுங்குங்கள்" என்பார்கள். யோசித்துப் பாருங்கள், உள்ளே சீழ் இருந்தால் அது வெளியே வர ஒரு வழி வேண்டும், அந்த வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. அதனால் பலருக்குக் குழாயை வைத்துக்கொண்டே, பை மாட்டித் தொடர்ந்து வடியவிட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள். மருந்துக்குக் கேட்காவிட்டால் எடுப்பார்கள்.

கீமோ நடக்கிறது. குழாய் இருக்கும்போது கீமோ போடலாமா?

போடலாம். குழாய் இருப்பதற்காக மட்டும் கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, கீமோவால் குழாய்த் தொற்று கணிசமாகக் கூடுவதாக ஆய்வுகளும் காட்டவில்லை. ஆனால் கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், அது குழாயால் வந்ததோ இல்லையோ, இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். வெள்ளை அணு குறைந்த உடம்பில் தொற்று மணிக்கணக்கில் முற்றிவிடும்.

நீர் வருவது திடீரென்று நின்றுவிட்டது. நல்லதா கெட்டதா?

இந்தக் கேள்விக்குக் குழாயைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அம்மாவுக்கு மூச்சு நன்றாக இருக்கிறது, படியேறுகிறார், படுத்துத் தூங்குகிறார், நீர் மட்டும் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்து 50 மில்லிக்குக் கீழே போய்விட்டது என்றால் பெரும்பாலும் நல்ல செய்தி. குழாய் கிடப்பதாலேயே உறைகள் உராய்ந்து தாமாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். தொடர்ந்து மூன்று தடவை அப்படி இருந்தால், ஸ்கேனில் நீர் இல்லை என்று உறுதிசெய்துவிட்டுக் குழாயை எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள்.

நேற்று வரை அரை லிட்டர் வந்தது, இன்றைக்குச் சொட்டுக்கூட இல்லை, மூச்சு வாங்குவது கூடியிருக்கிறது என்றால் கதை வேறு. முதலில் எளியதைப் பாருங்கள். கிளாம்ப் திறந்திருக்கிறதா, டிரெஸ்ஸிங்குக்கு அடியில் குழாய் மடங்கியிருக்கிறதா, பாட்டிலில் வாக்குவம் இருக்கிறதா. அடிக்கடி நடப்பது இந்த மடங்கல்தான். பஞ்சுத் திண்டில் குழாயைச் சுருட்டி வைக்கும்போது நெருக்கமாகச் சுருட்டிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் உள்ளே அடைப்பு. குழாயை வெளிச்சத்தில் பிடித்தால், வேகவைத்த பனங்கிழங்கை உரித்தால் வருமே, அந்த நார் மாதிரி வெளிறிய இழைகள் மிதப்பது தெரியும். ஃபைப்ரின் என்ற புரதம் அது. ஆஸ்பத்திரியில் சலைன் செலுத்திக் கழுவிப் பார்ப்பார்கள், அதுவும் பலிக்காவிட்டால் அந்த இழையைக் கரைக்கும் மருந்தைக் குழாய் வழியாக விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பார்கள். வீட்டில் சிரிஞ்சை வைத்து நீங்களே தள்ளிப் பார்க்கக் கூடாது.

குழாய் சுத்தமாக இருக்கிறது, சலைன் உள்ளே போகிறது, ஆனாலும் நீர் வருவதில்லை, எக்ஸ்ரேயில் நீர் நிறைய இருக்கிறது என்று சில சமயம் வரும். உள்ளே தடுப்புச் சுவர்கள் எழும்பி நீர் அறை அறையாகப் பிரிந்திருக்கும், குழாய் இருக்கும் அறை மட்டும் காலி. அதற்கும் அதே கரைக்கும் மருந்துதான் முதலில். கொஞ்சம் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு என்பதால் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார்.

கடைசியாக, நீரும் நன்றாக வருகிறது, மூச்சுத்திணறல் மட்டும் குறையவில்லை என்றால் குழாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரத்தசோகை, நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருப்பது, இதயத்தைச் சுற்றி நீர், நோயே நுரையீரலுக்குள் பரவியிருப்பது என்று காரணம் தேட வேண்டும். திடீரென்று வந்த மூச்சுத்திணறல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். தேதி, எவ்வளவு மில்லி, என்ன நிறம், எடுப்பதற்கு முன் மூச்சு எப்படி, பின் எப்படி. ஓபியில் டாக்டர் கையில் இதைக் கொடுத்தால் உங்கள் பத்து நிமிட விளக்கத்தை விட வேகமாக அவருக்குப் புரியும்.

நீர் எடுக்கும்போது வலிக்கிறது என்று மாமா அழுகிறார். எடுக்கவே விடமாட்டேன் என்கிறார்.

போட்ட முதல் சில நாள் வலி எல்லாருக்கும் இருக்கும். அதன் பிறகும் எடுக்கும்போது மட்டும், அதுவும் முடியும் தறுவாயில், உள்ளே இழுத்துப் பிடிப்பதுபோல், சில பேருக்குத் தோள்பட்டை வரை வலித்தால், நுரையீரல் முழுதாக விரியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். விரியாத நுரையீரலைச் சுற்றி வாக்குவம் இழுத்தால் வலிக்கத்தான் செய்யும். கிளாம்பைப் பாதி மட்டும் திறந்து மெதுவாக விடுங்கள். வலியோ இருமலோ ஆரம்பித்தவுடன் நிறுத்திவிடுங்கள், மீதி நாளைக்கு வரட்டும். பாட்டிலை நிரப்பியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். ஒரே தடவையில் 1,000 மில்லிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதுதான் பொதுவான விதி. அரை மணி நேரம் முன்னால் வலி மாத்திரை கொடுக்கலாமா, எது கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுவையுங்கள்.

ஓரத்தில் கசிகிறது, சட்டையெல்லாம் நனைகிறது.

புதிதாகப் போட்ட குழாயில் இது சகஜம், துளை இன்னும் இறுகியிருக்காது. உள்ளே நீர் அழுத்தம் கூடும்போதுதான் ஓரத்தில் வழியும், அதனால் கொஞ்ச நாள் அடிக்கடி நீர் எடுத்தால் அநேகமாக நின்றுவிடும். சில வாரம் கழித்துப் புதிதாகக் கசிய ஆரம்பித்தால் அடைப்பா, நழுவலா என்று பார்க்க வேண்டும்.

குழாய் இழுபட்டுவிட்டது. அல்லது டிரெஸ்ஸிங் பிரிக்கும்போது கத்தரி பட்டுவிட்டது. என்ன செய்வது?

துளையின் வாயில் அந்த வெள்ளைத் துணி வளையம் எட்டிப் பார்த்தால் குழாய் வெளியே நகர்ந்திருக்கிறது. உள்ளே தள்ளாதீர்கள். பிளாஸ்டர் போட்டு அதே நிலையில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முழுதாக உருவி வந்துவிட்டால் சுத்தமான காஸ் துணியை மடித்துத் துளை மேல் அழுத்தி, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு உடனே கிளம்புங்கள். குழாய் வெட்டுப்பட்டாலோ வால்வு உடைந்தாலோ, உடம்புக்கும் வெட்டுக்கும் நடுவில் விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு கிளாம்ப் போடுங்கள், காற்று உள்ளே போய்விடக் கூடாது. கத்தரியே வேண்டாம் என்பது என் கட்சி. பிளாஸ்டரை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் வரும்.

குளிக்கலாமா? இந்த வெயிலில் பிளாஸ்டரே நிற்கமாட்டேன் என்கிறது.

தண்ணீர் புகாத டிரெஸ்ஸிங் இருந்தால் குவளையில் மொண்டு ஊற்றிக் குளிக்கலாம், ஷவரும் சரி. தொட்டி, குளம், கடல் எதிலும் மூழ்கக் கூடாது. எண்ணெய்க் குளியலை விட்டுவிடுங்கள், எண்ணெய் பட்டால் எந்தப் பிளாஸ்டரும் வழுக்கிக்கொண்டு வரும்.

கத்திரி வெயிலில் சென்னையில் உண்மையான பிரச்சினை வியர்வைதான். மே மாதத்தில் நான் டிரெஸ்ஸிங்கைப் பிரித்தால், பாதிப் பேருக்குப் பிளாஸ்டர் ஒட்டிய அதே சதுர வடிவத்தில் தோல் சிவந்து, வேர்க்குரு பூத்து, ஓரம் உரிந்திருக்கும். இதைப் பார்த்துத் தொற்று என்று பயந்து ஆன்டிபயாடிக் ஆரம்பித்தவர்களும் உண்டு. வித்தியாசம் எளிது: பிளாஸ்டர் அலர்ஜி பிளாஸ்டரின் எல்லையோடு நிற்கும், அரிக்கும்; தொற்று துளையிலிருந்து கிளம்பும், வலிக்கும். பிளாஸ்டர் வகையை மாற்றி, ஒட்டும் முன் தோலை நன்றாகக் காயவிட்டு, ஃபேன் காற்று படும்படி உட்கார வைத்தாலே பாதி குறையும். ஆனால் டிரெஸ்ஸிங் மாற்றும் அந்த நேரத்தில் மட்டும் ஃபேனை நிறுத்திவிடுங்கள், தூசியெல்லாம் துளையில்தான் போய் இறங்கும். பெண்களுக்குப் பிராவின் பட்டை குழாய் மேல் அழுந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி வசதி.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் நெஞ்சில் நீர் குறையுமா?

குறையாது. குடிக்கும் தண்ணீர் போய் அங்கே சேர்வதில்லை, நோய் உறையைப் பாதித்திருப்பதால் ஊறுகிறது. "எடுக்க எடுக்க ஊறும், அதனால் எடுக்காதே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதும் சரியில்லை. ஆனால் அந்த நீரில் புரதம் போகிறது என்பது உண்மை. முட்டை, மீன், தயிர், சுண்டல், பருப்பு என்று எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுங்கள்.

நீரில் ரத்தம் கலந்து வருகிறதே?

இளஞ்சிவப்பு, டீ டிகாக்‌ஷன் நிறம் எல்லாம் புற்றுநோய் நீரில் வழக்கம்தான். இதுவரை மஞ்சளாக வந்தது திடீரென்று முழு ரத்தமாகவே வந்தால் எடுப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் நிணநீர்க் குழாய் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதில் சத்து நிறையப் போய்விடும், தள்ளிப்போடாமல் தெரிவியுங்கள்.

குழாய் போட்ட இடத்தில் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது.

போட்டுப் பல வாரம், மாதம் கழித்து, துளைக்குப் பக்கத்திலோ தோலடிப் பாதையிலோ கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் நோய் அந்த வழியாகப் பரவியிருக்கலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற உறைப் புற்றில்தான் அதிகம். வலித்தால் அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் ரேடியேஷன் கொடுப்பார்கள், நன்றாகவே கேட்கும். பெரும்பாலும் குழாயை எடுக்கத் தேவையிருக்காது.

பாட்டில் விலை கட்டுப்படியாகவில்லை. கழுவித் திரும்ப உபயோகிக்கலாமா?

கூடாது. ஒரு தடவை திறந்தவுடன் வாக்குவம் போய்விடும், அப்புறம் அது வெறும் பாட்டில், அதுவும் கிருமியோடு. இந்தச் செலவு நியாயமான கவலைதான், நானும் இதைக் கேட்டுச் சங்கடப்படாத வாரமில்லை. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். குழாய்க்குப் பொருத்தமான இணைப்பு இருந்தால் வாக்குவம் பாட்டிலுக்குப் பதிலாக ஸ்டெரைல் பையைக் கீழே தொங்கவிட்டு, மேலிருந்து தானாக வடியவிடும் முறையைப் பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மெதுவாக வரும், வலியும் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எதற்கெல்லாம் செல்லும் என்று ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்துக்கான கவுன்ட்டரில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரணச் சேவையும் உண்டு, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ராத்திரியில் அவசரம் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போகலாமா?

போகலாம், ஆனால் கையில் சில சாமான்களோடு போங்கள். ஒரு தடவை மூச்சு முட்டிய பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், நானும் கூட இருந்தேன். காஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் இந்த வகைக் குழாயைப் பார்த்ததில்லை. சாதாரண சிரிஞ்சை வால்வில் செருகப் போனார். இந்த வால்வு அதற்கென்று செய்த முனையைத் தவிர வேறு எதைச் செருகினாலும் கெட்டுவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது, எல்லா இடத்திலும் இது வருவதில்லை. பெரியவரின் மகள் பையிலிருந்து புதுப் பாட்டிலையும் இணைப்புக் குழாயையும் எடுத்து நீட்டியதால் கால் மணி நேரத்தில் மூச்சு அடங்கியது. ஒரு பாட்டில், இணைப்பு, டிரெஸ்ஸிங் செட், டிஸ்சார்ஜ் சம்மரி, குழாய் போட்ட டிபார்ட்மென்ட்டின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவையுங்கள்.

குழாயை எடுக்கும்போது உள்ளே அறுந்துவிடும் என்கிறார்களே?

அபூர்வமாக நடக்கிறது. துணி வளையத்தில் சதை இறுகப் பிடித்திருப்பதால் அதைச் சுற்றி விடுவித்துத்தான் எடுக்க வேண்டும், வெறுமனே இழுத்தால் அறும். மரத்துப்போகும் ஊசி போட்டு, பழகியவர் கை வைத்தால் சிறிய வேலை. ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டாலும் பலருக்கு அதனால் தொல்லை வருவதில்லை என்பதால் ஆபரேஷன் செய்து தேடாமல் விட்டுவிடுவதும் உண்டு.

தினமும் எடுத்தே ஆக வேண்டுமா? மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றால், தீபாவளிக்கு ஊருக்குப் போனால்?

தினமும் எடுத்தால் உறை சீக்கிரம் ஒட்டிக் குழாயிலிருந்து விடுதலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 2017-இல் வந்த அசாப் ஆய்வில் தினமும் எடுத்தவர்களில் 47 சதவீதம், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களில் 24 சதவீதம். ஆனால் 2018-இல் வந்த ஆம்பிள்-2 ஆய்வில், மூச்சு வாங்கும்போது மட்டும் எடுத்தவர்களும் தினமும் எடுத்தவர்களும் மூச்சுத்திணறலில் ஒன்றுபோல்தான் இருந்தார்கள். அதனால் நடமாட்டமாக இருப்பவர், கொஞ்ச காலம் நன்றாக இருப்பார் என்று எதிர்பார்க்கப்படுபவர் என்றால் தினமும் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. படுக்கையோடு இருக்கும் பாட்டியைத் தினமும் புரட்டி எழுப்பி எடுக்க வேண்டுமா என்றால், தேவையில்லை என்பேன், டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

மழைக்கும் இதே கணக்குத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீட்டை விட்டு இறங்க முடியாமல் கிடந்தார்களே, அந்த மாதிரி நாளில் ஒரு வேளை தள்ளிப்போனால் குடிமுழுகிவிடாது. ஐப்பசி பிறக்கும் முன்பே கூடுதலாக ஒரு பெட்டி பாட்டிலும் டிரெஸ்ஸிங்கும் வாங்கி, தரையில் வைக்காமல் பரண் மேல் வையுங்கள். ஊருக்கு ரயிலில் போகிறீர்கள் என்றால் கிளம்பும் அன்று காலையில் நீரை எடுத்துவிடுங்கள், லோயர் பெர்த் கேளுங்கள், குழாய் இருக்கும் பக்கம் நடைபாதையைப் பார்த்து இருக்காதபடி உட்கார வையுங்கள், பெட்டி தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இடிப்பார்கள். போகும் ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் மார்பு நோய் டாக்டர் இருக்கிறார் என்று முன்கூட்டியே விசாரித்து, அந்த நம்பரையும் மஞ்சப்பையில் போட்டுவிடுங்கள்.